இன்றைக்கு மூன்று எழுத்து

அக்கா, உங்க போனில் நெட் இருக்கிறதா? இருந்தால் கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போடுங்க. ஒரு போட்டோ அனுப்பவேண்டும். சரி, இரண்டு. இரண்டே இரண்டுதான். வீடியோ பார்த்து உங்க நெட்டைக் காலி பண்ண மாட்டேன்.

என்னுடைய ஒன்றரை ஜிபி காலை பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. எப்படித் தீர்ந்தது என்று சத்தியமாகத் தெரியவில்லை. நான் ஒன்றும் பார்க்கவே இல்லை. சும்மா விரலால் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்படிப் பார்க்காதீங்க. காதல் கீதல் எல்லாம் இல்லை. எங்க அம்மாவும் இப்படித்தான் பார்ப்பாள். பையன் என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும் என்று அவளே ஒரு தடவை சொன்னாள். ஆள் யார் என்று தெரியாமல் திட்டுவது அவளுக்குச் சிரமமாக இருக்கிறதாம்.

என்ன ஏது என்று சொன்னால் போடுவீங்களா? சொல்கிறேன். தென்காசி போக இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஆனால் ஐந்து மணிக்குள் போட்டோ போயாக வேண்டும். அதனால் நடுவில் கேள்வி கேட்டு இழுக்கக் கூடாது.

என் பேர் முப்பிடாதி. சிரிப்பு வந்தால் இப்போதே சிரித்துவிடுங்க, பிறகு கதையில் குறுக்கே வரும். சாமி பேர். எங்க வகுப்பில் ஹரிணி மூன்று பேர், தர்ஷினி நான்கு பேர். முப்பிடாதி ஒருத்திதான். தேடினால் சீக்கிரம் கிடைப்பேன். யாரும் தேடவில்லை, அது வேறு.

போன வருஷம் ஜூன் மாதம், பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி ஒரு வாரத்தில் நின்றுவிட்டேன். கெமிஸ்ட்ரி டீச்சர் 'இஷ்டம் இருந்தா உக்காரு, இல்லாட்டி போ' என்றார். போனேன். அவர் கோபத்தில் சொன்னார், நான் கோபத்தில் எழுந்தேன், இரண்டும் சரிக்குச் சரி. பத்து நாள் வீட்டில் இருந்து பார்த்தேன். யாராவது வந்து கூப்பிட்டால் போகலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. பதினோராவது நாள் பரமகுரு அண்ணன் கடையில் சேர்ந்தேன். புளியங்குடியில், பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை. ஜாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரில் பேர் திருத்தம் எல்லாம் நான்தான் பார்ப்பேன். அண்ணன் டீக்கடையைப் பார்ப்பார்.

எங்க வகுப்புப் பிள்ளைகள் தினம் கடைக்கு வருவார்கள். காவியும் வருவாள். காவியதர்ஷினி. பத்தாவதிலும் பதினொன்றிலும் என் பக்கத்து இடம் அவள். 'ரெண்டு பக்கமும் போடு' என்பாள். ஜெராக்ஸைத்தான் சொல்கிறாள். எட்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசியது மொத்தமே அதுதான். ரெண்டு பக்கமும் போடு. நானும் போட்டுக் கொடுப்பேன்.

பிறகு பிப்ரவரி வந்தது. பிராக்டிகல் முடிந்ததும் ஊரிலிருக்கிற அம்மாக்கள் எல்லாம் ஒரே நாளில் பேசி வைத்ததுபோல் போனைப் பிடுங்கினார்கள். கேபிளையும் வெட்டினார்கள். காவி வீட்டில் போனை மஞ்சள் துணியில் சுற்றி சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, விபூதி பூசி, பரீட்சை முடிந்துதான் எடுக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டார்கள். கையை வைத்தால் சாமி குத்தம். அவள் அம்மா கில்லாடி.

அன்றைக்கு காவி தனியாக வந்தாள். கண் எல்லாம் சிவந்து, மூக்கு வடிந்துகொண்டு. கவுண்டரைச் சுற்றி உள்ளே வந்து என் ஸ்டூலில் பாதியில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பழக்கம் பாருங்க, பாதியை விட்டு பாதியில்தான் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி முப்பி, நீ ஒருத்திதான் எனக்கு இருக்க" என்றாள்.

நான் வேறு என்னமோ என்று நினைத்தேன். அவள் ஸ்ட்ரீக்கைப் பற்றிச் சொன்னாள்.

ஸ்ட்ரீக் தெரியாதா? நல்லது, உங்களுக்கு ஆயுசு கெட்டி. ஒரு ஆப் இருக்கிறது. அதில் நீங்க எனக்கு ஒரு போட்டோ அனுப்பவேண்டும், நான் உங்களுக்கு ஒன்று அனுப்பவேண்டும். ஒரு நாளும் விடாமல் தினம். அனுப்பினால் பேருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தீ எரியும், எத்தனை நாள் என்று நம்பரும் ஏறும். இரண்டு பேரில் ஒருத்தர் ஒரு நாள் விட்டால் நானூறு நாளாக இருந்தாலும் பூஜ்யம். நேரம் நெருங்கினால் மணல் கடிகாரம் ஒன்று வந்து பயம் காட்டும். இன்றைக்கு எனக்குப் பதினொரு மணிக்கே வந்துவிட்டது, அதனால்தான் உங்களைப் பிடுங்குகிறேன்.

என்ன போட்டோவா? ஒன்றும் இல்லை. அதுதான் விஷயம். நெற்றியில் பாதி, தலையணை, செருப்பு. பாதிப் பேர் படுத்தபடியே மேலே சுற்றுகிற ஃபேனை எடுத்து அனுப்புவார்கள். நட்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு ஃபேன்.

காவிக்கும் ஷிஃபானாவுக்கும் நானூற்றுப் பன்னிரண்டு நாள் ஓடியிருந்தது. ஷிஃபானா முதலில் எங்க பின் பெஞ்ச், நான் போன பிறகு என் இடத்தில் உட்கார்ந்தவள். நல்ல பிள்ளைதான், எனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை. பிசிக்ஸ் நோட்டின் பின்னால் காவி தன் பாஸ்வேர்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். பரீட்சை முடிகிறவரை அவள் அக்கவுண்டில் நுழைந்து, அவள் பங்குக்கு ஷிஃபானாவுக்குத் தினம் ஒரு போட்டோ நான் அனுப்பவேண்டும். அவ்வளவுதான் வேலை. நம்பர் போய்விட்டால் செத்துப்போவேன் என்றாள். பரீட்சையில் பெயிலானால் என்ன செய்வாள் என்று கேட்டேன், அதற்கு மறுபரீட்சை இருக்கிறது என்றாள்.

மறுநாள் ஷிஃபானா வந்தாள். அவளுடைய வாப்பாவும் போனை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார். அவளும் ஒரு சீட்டு கொடுத்தாள். காவியிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். காவியும் அதே சத்தியம்தான் வாங்கியிருந்தாள். எனக்கு இருப்பது ஒரே தலை.

ஆக, காவியிலிருந்து ஷிஃபானாவுக்கு நான்தான் அனுப்பினேன். பிறகு வெளியே வந்து, ஷிஃபானாவுக்குள் நுழைந்து, காவிக்கும் நான்தான் அனுப்பினேன். ஒரு வாரத்தில் விஷயம் பரவி ஒன்பது பேர் சீட்டு கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களிடம் சொல்லக் கூடாது என்று ஒவ்வொருத்தியும் சத்தியம் வாங்கினாள். ஹரிணியில் இரண்டு பேர், தர்ஷினியில் ஒருத்தி. மொத்த வகுப்பின் நட்பையும் நான் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து நடத்திக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் ஒரே ஃபேன்தான், எங்க கடை ஃபேன். ஒரு றெக்கையில் நூலாம்படை தொங்கும். யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் பார்ப்பதற்கே ஆள் இல்லை. அனுப்புவதும் நான், பார்ப்பதும் நான்.

அப்போது சோதனைக்காக எனக்கும் ஒன்று தொடங்கினேன். சோதனைக்குத்தான். ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஆறு ஏழு தீ எரிகிறது, என் அக்கவுண்ட் மட்டும் அணைந்த அடுப்பு மாதிரி கிடந்தது. காவி அக்கவுண்டில் எப்படியும் நுழைகிறேன், போகிற போக்கில் எனக்கும் ஒரு போட்டோ போட்டால் விரலா தேய்ந்துவிடும்? பிறகு என் அக்கவுண்டிலிருந்து காவிக்குப் பதில் போட்டேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

நீங்க ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறீங்க. அடிமை என்றுதானே? வேண்டாம். அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டு, தென்காசியிலிருந்து டாக்டரம்மா ஒருத்தர் வந்து, பிள்ளைகளும் போன் பழக்கமும் என்று பேசினார். அந்த நோட்டீஸ் நானூறு காப்பி நான்தான் போட்டேன். ஒவ்வொன்றாக வெளியே வரும்போது ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எரிச்சல், கோபம், வீட்டில் சண்டை என்று போட்டிருந்தது. அது எங்க அம்மாவுக்கு இருக்கிறது. எந்த வேலையிலும் கவனம் நிற்காது, அது பரமகுரு அண்ணனுக்கு. போன் அடிக்காதபோதும் அடித்ததுபோல் தோன்றுமாம். எனக்கு ஒரு நாளும் தோன்றியதே இல்லை. எனக்கு நிஜமாகவே கேட்கும். அந்த நோட்டீஸையே போட்டோ எடுத்து அன்றைக்கு ஒன்பது பேர் பங்குக்கும் அனுப்பினேன். நல்ல விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும் என்று.

அடிமை என்றால் யார் தெரியுமா, பொறுப்பு இல்லாதவர்கள். நான் அப்படி இல்லை. மார்ச் மாதம் என் சித்தி மகனுக்குக் காதுகுத்து நடந்தது. மலையடிவாரத்தில் முப்பிடாதி அம்மன் கோயில், என் பேர்க்காரி. அங்கே சிக்னல் சுத்தமாகக் கிடையாது. மணி பன்னிரண்டு. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தாகிவிட்டது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். தோடு வைத்த தாம்பாளம் என் கையில். அந்த நேரம் பார்த்து மனசுக்குள் மணல் கடிகாரம் வந்துவிட்டது. போனைப் பார்க்கவே இல்லை, ஆனால் வந்துவிட்டது என்று தெரியும். ஒன்பது பேர், அக்கா. எலுமிச்சைத் தோட்டத்து மோட்டார் ரூம் மேலே ஏறினால் இரண்டு கோடு கிடைக்கும் என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன். போனேன். ஆசாரி தோட்டுக்குக் கையை நீட்டினாராம், நீட்டியபடியே இருந்தாராம். பிள்ளை ஒரு காதில் ஓட்டையோடு கத்துகிறது. சாமி வந்து ஆடிக்கொண்டிருந்த பெரியத்தை ஆட்டத்தை நிறுத்திவிட்டு, 'முப்பிடாதி எங்கட்டி போனா' என்று கேட்டதாம். அத்தை கேட்டாளா, அம்மனே தன்னைக் காணோம் என்று தேடினாளா என்று இன்றுவரைக்கும் வீட்டில் விவகாரம்.

திரும்பி வந்தால் அம்மா எல்லார் முன்னாலும் முதுகில் வைத்தாள் ஒன்று. நான் கேட்கிறேன், அடிமையாக இருந்தால் தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்க மாட்டேனா? தோட்டோடு, தாம்பாளத்தோடு, ஒரு மஞ்சள் அரிசி சிந்தாமல் மோட்டார் ரூம் மேலே ஏறி இறங்கினேன். அதை ஒருத்தரும் சொல்லவில்லை.

சொக்கம்பட்டி வந்துவிட்டது. ஹாட்ஸ்பாட்? சரி, முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போடுவீங்க. எங்க டீச்சர் மாதிரியே இருக்கீங்க.

இதில் ஒரு தப்பு நடந்தது. தப்பு என் மேல் இல்லை. காவியும் ஷிஃபானாவும் ஜனவரியிலிருந்தே பேசுவதில்லை. பொங்கலுக்கு எல்லாரும் சேலை கட்டிக்கொண்டு எடுத்த படத்தை காவி போட்டிருக்கிறாள், ஓரத்தில் நின்ற ஷிஃபானாவை வெட்டிவிட்டு. முழங்கை மட்டும் தெரிந்ததாம். அதோடு பேச்சு நின்றது. ஒரே பெஞ்சில் நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஃபேன் மட்டும் தினம் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். என்ன பிறவிகள் பாருங்க. முகத்தைப் பார்க்க மாட்டார்கள், நம்பரை விட மாட்டார்கள். இதை இரண்டு பேரும் என்னிடம் சொல்லவில்லை. வேலை கொடுப்பவர்கள் விவரம் சொல்லவேண்டாமா?

எனக்கு ஃபேனையே அனுப்பிச் சலித்துவிட்டது. போட்டோவுக்குக் கீழே ஒரு வரி எழுதலாம் என்று தொடங்கினேன். காவியாக இருக்கும்போது 'என்ன சாப்பாடு' என்று கேட்டேன். ஷிஃபானாவாகப் போய் 'இடியாப்பம்' என்றேன். பிறகு காவியாக வந்து 'எனக்கு எங்க' என்று கேட்டேன். ஒரு வாரத்தில் பேச்சு நன்றாக சூடு பிடித்துவிட்டது. இரண்டு பேரும் அப்படி ஒரு சிநேகிதம். அவ்வளவு அன்பாக நிஜத்தில் அவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு நாள் காவி ஷிஃபானாவிடம் எல்லாத்துக்கும் சாரி என்று ஒரு சாரி கேட்டாள். எதற்கு என்று தெரியாது, பொதுவாகக் கேட்டு வைத்தேன். பிள்ளைகளுக்குள் எப்படியும் ஏதாவது இருக்கும். ஷிஃபானா உடனே மன்னித்துவிட்டாள்.

பிசிக்ஸ் பரீட்சை முடிந்த அன்று ஷிஃபானா தன் சாச்சா வீட்டில், அதாவது சித்தப்பா வீட்டில், அவருடைய போனில் பத்து நிமிஷம் நுழைந்துவிட்டாள். நுழைந்தால், காவியோடு ஒரு மாதப் பேச்சு. அதில் சாரி. பிள்ளை அழுதுவிட்டாளாம். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் நேராகக் காவியிடம் போய், நானும் சாரிட்டி என்றாளாம். காவி எதற்கு என்று கேட்டாளாம்.

எதற்கு என்று கேட்காமல் சரி என்றிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

இரண்டு பேரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். சாச்சா போனை ஷிஃபானா கையோடு கொண்டு வந்திருந்தாள். கடையில் வருமானச் சான்றுக்கு இரண்டு பேர் நின்றார்கள், பரமகுரு அண்ணனும் அதிசயமாக அன்றைக்குக் கடையில் இருந்தார். காவி கவுண்டரைத் தாண்டி வரவில்லை, வெளியே நின்றபடி, "நாங்க என்ன பேசணும்னு நீ யாருட்டி எழுத?" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? நீங்கள் பேசியிருந்தால் நான் எதற்கு எழுதுகிறேன் என்று கேட்டேன். அண்ணன் கிளுக்கென்று சிரித்துவிட்டார். காவிக்கு அதில் இன்னும் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் படிக்கச் சொன்னாள். ஷிஃபானா போனைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தாள். இடியாப்பம் வந்தது, சாரி வந்தது. வருமானச் சான்றுக்கு வந்தவர் தன் நம்பர் வந்துவிட்டதையும் மறந்து கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஷிஃபானா ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள். காவி, ம் படி என்றாள். அவள் மெதுவாகப் படித்தாள்.

"முப்பிடாதி பாவம்லா. நாம ஒரு நாள் போயி அவகூட உக்காந்து பேசுவமா?"

அது காவி எழுதியது. அதாவது நான். அதற்கு ஷிஃபானா, 'கண்டிப்பா போவோம்ட்டி, அவ இல்லாம வகுப்பே நல்லால்ல' என்று பதில் போட்டிருந்தாள். அதுவும் நான்.

அண்ணன் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் வெட்கமாக இல்லை. சும்மா எழுதியது அக்கா. வேறு என்னத்தை எழுதுவது? தினம் இடியாப்பமா? இரண்டு பேர் பேசுகிறபோது மூன்றாவது ஆளைப் பற்றித்தானே பேசுவார்கள். எனக்குத் தெரிந்த மூன்றாவது ஆள் நான்தான்.

காவிக்கு முகம் என்னமோ மாதிரி ஆகிவிட்டது. இனி என் அக்கவுண்டைத் தொடாதே என்று மட்டும் சொன்னாள். குரல் முன்னாடி மாதிரி இல்லை. பிறகு இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார்கள். பார்த்தீங்களா? ஜனவரியிலிருந்து பேசாதவர்கள். சேர்த்து வைத்தது யார்? ஒரு நன்றி?

அவர்களுடைய நம்பர் மறுநாளே பூஜ்யமாகிவிட்டது. நானூற்று நாற்பது சொச்சம் நாள். நான் தொடவில்லை, தொடாதே என்றார்களே. எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பரீட்சை முடிந்த அன்று பள்ளிக்கூட வாசலில் நின்று ஒரே குச்சி ஐஸை மாற்றி மாற்றித் தின்றார்கள். நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செத்துப்போவேன் என்றவள் ஐஸ் தின்கிறாள்.

மற்றவர்களும் அப்படித்தான். போன் கைக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏப்ரல் முழுவதும் ஒவ்வொரு தீயாக அணைந்தது. ஒருத்தி சென்னை, ஒருத்தி மதுரை. ஷிஃபானா ஆப்பையே எடுத்துவிட்டாள். எடுத்த பிறகு தூக்கம் நன்றாக வருகிறது என்று கடைக்கு வந்து என்னிடமே சொல்கிறாள். நாற்பது நாள் நான் விழித்திருந்து காப்பாற்றினேன், இவளுக்குத் தூக்கம் வருகிறதாம்.

காவி மட்டும் பாஸ்வேர்டை மாற்றவில்லை. அவள் போனை அவள் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள், பழைய நம்பரும் கட் ஆகிவிட்டது. அவள் அக்கவுண்ட் கேட்பாரில்லாமல் கிடந்தது. நான் தொடவில்லை. ஷிஃபானாவுக்கு அனுப்புவதற்குத் தொடவே இல்லை. எனக்கு அனுப்புவதற்கு மட்டும் ஒரு நிமிஷம் நுழைவேன், அதுவும் தினம் ஒரு தடவை. அவளும் நானும் இன்றைக்கு நூற்று முப்பத்தெட்டு நாள். ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த அன்றுகூட காவி எனக்கு அனுப்பினாள்.

ஆமாம், நான்தான் அனுப்பினேன். தெரியும் அக்கா. எனக்குத் தெரியாதா? ஆனால் காலையில் கண் முழித்ததும் 'காவியிடமிருந்து ஒன்று' என்று போனில் வரும் பாருங்க, அந்த ஒரு நொடி எனக்கு ஞாபகமே வராது. அது எப்படி என்று அந்த டாக்டரம்மாவைத்தான் கேட்கவேண்டும். நோட்டீஸில் அது இல்லை.

நேற்று கடைக்கு போன் வந்தது. காவி. குற்றாலத்தில் காலேஜ் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, தென்காசியில் பெரியப்பா வீட்டில் இருக்கிறாள், புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய அக்கவுண்டில் அவளுடைய படம் எல்லாம் இருக்கிறது, ஆனால் பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம். பழைய நம்பர் இல்லாததால் புதிதாகவும் வாங்க முடியவில்லை. அந்தப் பழைய பாஸ்வேர்டு உலகத்தில் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லு எழுதிக்கிறேன் என்றாள்.

போனில் எல்லாம் பாஸ்வேர்டு சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பாதுகாப்பு இல்லை. யாராவது ஒட்டுக் கேட்பார்கள். நான் நேரிலேயே வருகிறேன் என்றேன். அதற்காகவா ஒரு மணி நேரம் பஸ்ஸில் வருவ என்று கேட்டாள். பாதுகாப்பு விஷயத்தில் நான் விளையாட மாட்டேன் என்றேன். பிறகு, சரி வா, நாலரை மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்றாள்.

கவலை இல்லை என்று சொன்னால் பொய். பாஸ்வேர்டு அவள் கைக்குப் போனால் என்ன நடக்கும்? உள்ளே போவாள், படத்தை எடுப்பாள், பாஸ்வேர்டை மாற்றுவாள். தினம் எனக்கு ஒரு ஃபேன் அனுப்பப் போகிறாளா? அவள் காலேஜில் எத்தனை பேர் இருப்பார்கள். நாளைக்கே நூற்று முப்பத்தெட்டு பூஜ்யம். அது மட்டும் இல்லை, உள்ளே போனதும் அதைப் பார்ப்பாள். மற்ற சிநேகிதம் எல்லாம் அணைந்து கிடக்க, என் பேருக்குப் பக்கத்தில் மட்டும் தீ எரியும். அவள் எனக்கு எழுதியது எல்லாம் இருக்கும். என்ன எழுதினாள் என்று கேட்காதீங்க. நிறைய எழுதினாள். பிறந்தநாளுக்கு எட்டு வரி.

கடையநல்லூர் எப்போதோ தாண்டியாச்சு, தென்காசியே வரப்போகிறது. இப்போதாவது போடுங்க அக்கா. அப்பாடா. ஹாட்ஸ்பாட்டுக்குப் பேர் என்ன, உங்க பேரா? மணிமேகலையா? நல்ல பேர். வந்துவிட்டது, இரண்டு கோடு.

என் பங்கு முதலில். ஜன்னலை எடுக்கிறேன், உங்க முழங்கை வருகிறது, பரவாயில்லை. வெட்ட மாட்டேன். முழங்கையை வெட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தவள். போச்சு. இனி வெளியே வந்து, காவிக்குள் நுழையவேண்டும்.

பாஸ்வேர்டு பதினொரு எழுத்து. அப்படிக் கையை மறைக்கிறேன் என்று வருத்தப்படாதீங்க, பாதுகாப்பு.

நுழைந்தாச்சு. அவள் பங்குக்கு எதை எடுக்கலாம்? முன் சீட்டு ஆளின் தலை? கண்டக்டர் பை? சீக்கிரம் சொல்லுங்க, பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பிவிட்டான்.

அக்கா, அதோ. அந்தத் தூண் பக்கத்தில், பச்சை சுடிதார். அவள்தான். நாலரை ஆகவில்லை, அதற்குள் வந்து நிற்கிறாள். இரண்டு கையிலும் பாருங்க, ரெண்டு ரோஸ் மில்க். ஒருத்தி எதற்கு இரண்டு வாங்குகிறாள்? ஒவ்வொரு பஸ்ஸாக எட்டி எட்டிப் பார்க்கிறாள், கழுதை.

எடுக்கட்டுமா? இங்கிருந்தே எடுத்து அனுப்பினால் முடிந்தது, நூற்று முப்பத்தொன்பது. இல்லை. இருக்கட்டும். ஐந்து மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்க. இந்த அக்கவுண்டைத் திறந்தபடியே என் போனை அவள் கையில் கொடுக்கப்போகிறேன். நெட்டும் அவளுடையதே. அவள் பங்கை இன்றைக்கு ஒரு நாள் அவளே அனுப்பட்டும். எழுதினதை எல்லாம் பார்த்துவிட்டு அன்றைக்குக் கடையில் வைத்த மாதிரி முகத்தை வைத்தால் வைக்கட்டும். அனுப்பாவிட்டால் பிடரியைப் பிடித்து அனுப்ப வைக்கிறேன், ரோஸ் மில்க்கைக் குடித்துவிட்டுத்தான்.

பாஸ்வேர்டா? கொடுப்பேன், கொடுப்பேன். வாக்கு என்றால் வாக்கு. ஆனால் முழுசாகக் கொடுப்பதாக நான் சொல்லவில்லையே. நம் ஞாபகத்தில் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடுமா? பதினொரு எழுத்து, அக்கா. இன்றைக்கு மூன்று சொல்வேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று. குற்றாலத்தில் சீசன் முடிகிறவரைக்கும் தாங்கும்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க, இறங்கவேண்டும். அவள் வேற பக்கம் பார்க்கிறாள்.

ஏட்டி காவி! இங்கட்டு!